ஒரு மணி நேரப் பிழை: பழைய கணினிகளின் மின்னஞ்சலில் கோடை நேரச் சிக்கலும் தீர்வும்

2005 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்தச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு கோடை நேரத்தைப் பற்றியது. அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்பிவந்தது அந்த நாடு. 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே தள்ளிவைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பினால் போதும் என்றது புதிய பிரிவு. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம். கனடாவின் பெரும்பகுதியும் அதையே பின்பற்றியது.

சட்டம் மாறியது, ஆனால் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்குள் பழைய விதியே எழுதப்பட்டிருந்தது. அதனால் 2007 மார்ச் 11 தொடங்கி மூன்று வாரங்களும், அக்டோபர் 28 தொடங்கி ஒரு வாரமும், மக்களின் கைக்கடிகாரமும் பழைய கணினிகளின் கணக்கும் ஒரு மணி நேரம் விலகி நின்றன. அதிகம் அடிபட்டது மின்னஞ்சலும் அதனோடு பிணைந்த நாட்காட்டியும். பதில் கடிதம் கேள்விக்கு முன்பே வந்ததுபோல் பட்டியலில் நின்றது. பத்து மணிக் கூட்டம் பதினொன்றுக்குத் தாவியது.

இந்தச் சிக்கலைப் பற்றி எழுதப்பட்ட அறிவுரைகள் பெரும்பாலும் 'இந்தத் திருத்தத்தை நிறுவுங்கள்' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பிழை எங்கே பிறக்கிறது, எந்தத் தீர்வு எதைச் சரிசெய்கிறது, எது புதிய பிழையை உண்டாக்குகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடை நேரப் பிழை அநேகமாக எப்போதும் விதியின் பிழை. அதைக் கடிகாரத்தில் திருத்தப் போனால் உண்மையான பதிவு கெட்டுப்போகும். விதியை அதன் இடத்தில் திருத்த வேண்டும். திருத்துவதற்கு எளிதான இடத்தில் அதை வைத்திருக்கவும் வேண்டும்.

மின்னஞ்சல் நேரத்தைச் சுமக்கும் விதம்

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் ஒரு தேதி வரி உண்டு. அதை எழுதுவது அனுப்புபவரின் கணினி. அந்த வரியின் வடிவத்தை 1982இல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்ற நெறிமுறை வகுத்தது: நாள், மணி, அதன்பின் நேர வலயம். வலயத்தை உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்ணாகவும் எழுதலாம், அமெரிக்கக் கிழக்கு வலயத்தின் இ.எஸ்.டி., இ.டி.டி. போன்ற எழுத்துச் சுருக்கமாகவும் எழுதலாம். ஆனால் பெயர்ச் சுருக்கங்களில் அமெரிக்காவின் நான்கு வலயங்களும் பொது நேரமும் மட்டுமே இடம்பெற்றன. அவற்றோடு ஒற்றை எழுத்து ராணுவக் குறிகளும் சேர்க்கப்பட்டன. அவற்றின் கூட்டல் கழித்தல் தலைகீழாகிவிட்டது.

1989இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 அந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டி, எண்ணையே பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. 2001இன் ஆர்.எஃப்.சி. 2822, எழுத்துச் சுருக்கங்களைப் பழைய கடிதங்களைப் படிக்க மட்டும் அனுமதித்து, புதிதாக எழுதுவதற்குத் தடைபோட்டது. காரணம் தெளிவு. ஐ.எஸ்.டி. என்றால் இந்தியாவில் ஒன்று, இஸ்ரேலில் ஒன்று, அயர்லாந்தில் இன்னொன்று. சி.எஸ்.டி. என்றால் சிகாகோவாகவும் இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். எண்ணில் இந்தக் குழப்பம் இல்லை.

நியூயார்க்கிலிருந்து 2007 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கடிதம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான தேதி வரி 10:00:00 -0400 என்று முடிய வேண்டும். யுடிசியில் அது 14:00. சென்னையில் அதைத் திறப்பவருக்கு மாலை 7:30 என்று காட்டும். வரியிலுள்ள மணியும் விலகல் எண்ணும் சேர்ந்துதான் ஒரு கணத்தைக் குறிக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துச் சரி, தவறு என்று சொல்ல முடியாது.

தேதி வரிக்கு அப்பால் இன்னொரு சாட்சியமும் உண்டு. கடிதம் கடந்து செல்லும் ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தைக் குறித்து ஒரு 'பெறப்பட்டது' வரியை மேலே சேர்க்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு தபால் நிலையமும் உறையின்மேல் முத்திரை குத்தி அனுப்புவதைப் போன்றது இது. பிழையின் ஊற்றைக் கண்டுபிடிக்க இந்த வரிகளே முதல் கருவி. எல்லாவற்றையும் யுடிசிக்கு மாற்றி, கீழிருந்து மேலாகப் படித்துவந்தால், எந்த இடத்தில் நேரம் ஒரு மணி தாவுகிறதோ அந்த இடத்துக் கணினியே குற்றவாளி.

மூன்று வகைப் பிழைகள்

அதே மார்ச் 13ஐ எடுத்துக்கொண்டு, பழைய விதியோடு ஓடும் ஒரு கணினியில் என்னென்ன நடக்கலாம் என்று பார்த்தால் பிழைகள் மூன்று வகைகளில் அடங்கிவிடும்.

முதல் வகையில் கணினியின் உள் கடிகாரம் யுடிசியில் சரியாக ஓடுகிறது. விதி மட்டும் பழையது. கடிதத்தில் 09:00:00 -0500 என்று பதிவாகும். அனுப்புபவரின் திரையில் ஒன்பது மணி என்று தவறாகத் தெரியும். ஆனால் யுடிசிக்கு மாற்றினால் 14:00தான். பெறுபவருக்குச் சரியான நேரமே காட்டும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை. பதிவில் பிழை இல்லை.

இரண்டாம் வகையில், திரையில் ஒன்பது என்று தெரிவதைப் பார்த்தவர் கடிகாரத்தைக் கையால் பத்துக்குத் தள்ளிவிடுகிறார். இப்போது கடிதம் 10:00:00 -0500 என்று புறப்படும். அது யுடிசியில் 15:00. உலகம் முழுவதும் அந்தக் கடிதம் ஒரு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்ததாகக் காட்டும். அனுப்புபவரின் திரை மட்டும் அழகாக இருக்கும். கோடை நேரத்திலும் இ.எஸ்.டி. என்றே எழுதிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களும் இதே விளைவைத்தான் தருகின்றன.

மூன்றாம் வகையில் தவறு பெறுபவரின் பக்கம். வரும் கடிதங்கள் எல்லாம் சரி. அவருடைய கணினியின் விதி பழையது. நியூயார்க்கிலிருக்கும் அவருக்கு எல்லாக் கடிதங்களும் ஒரு மணி நேரம் முந்தியே வந்ததாகத் தெரியும். அவர் அனுப்புபவர்களைக் குறை சொல்வார். குறை அவர் மேசையில் இருக்கும்.

மூன்றில் மிகக் கெட்டது இரண்டாம் வகை. முதலும் மூன்றும் விதியைத் திருத்திய உடனே மறைந்துவிடும். பழைய கடிதங்களும் தாமாகவே சரியாகத் தெரியும். இரண்டாம் வகையில் எழுதிய வரி எழுதியதுதான். அந்தக் கடிதம் எத்தனை பேரின் பெட்டியில் கிடக்கிறதோ அத்தனை இடத்திலும் பொய் நேரத்தோடே கிடக்கும். நாளை ஒப்பந்தத் தகராறில் எந்தக் கடிதம் முந்தியது என்று கேட்கப்பட்டால், அந்த ஒரு மணி நேரம் ஒருவரின் உரிமையையே புரட்டிவிடலாம்.

கடிகாரத்தைக் கையால் தள்ளுவதற்கு வேறொரு தண்டனையும் உண்டு. விண்டோஸ் 2000 முதல் அலுவலக வலையமைப்புகளில் உள்நுழைவைச் சரிபார்ப்பது கெர்பரோஸ் என்னும் முறை. இரு கணினிகளின் யுடிசி நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் அது அனுமதி மறுக்கும் என்பதே வழக்கமான அமைப்பு. ஒரு மணி நேரம் தள்ளினால் கதவே அடைபடும். வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிபார்க்கும் என்.டி.பி. சேவையும் இங்கே கைகொடுக்காது. அது யுடிசியை மட்டுமே தருகிறது. எந்த ஊரில் எப்போது கோடை நேரம் என்பது அதற்குத் தெரியாது.

விதி ஒளிந்திருக்கும் இடங்கள்

விதியைத் திருத்து என்று சொல்வது எளிது. பழைய கணினியில் விதி ஓரிடத்தில் இருப்பதில்லை என்பதுதான் உண்மையான சிரமம்.

விண்டோஸில் அது ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புத் தரவுத்தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வலயத்துக்கும் 44 பைட் அளவில் ஒரு பதிவு. யுடிசியிலிருந்து விலகல், கோடையில் கூடும் அளவு, மாறும் மாதம், எத்தனையாவது வாரம், எந்தக் கிழமை என்பவை அதில் அடங்கும். ஐந்தாம் வாரம் என்று எழுதினால் அந்த மாதத்தின் கடைசி வாரம் என்று பொருள். இதைத் திருத்துவது கடினமில்லை. ஆனால் இது வலயங்களின் பட்டியல் மட்டுமே. கணினி நடப்பில் பயன்படுத்தும் வலயத்தின் நகல் ரெஜிஸ்ட்ரியின் வேறொரு கிளையில் இருக்கிறது. பட்டியலைத் திருத்திவிட்டு, கட்டுப்பாட்டுப் பலகத்தில் வலயத்தை மீண்டும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், நகல் பழையதாகவே நிற்கும். திருத்தியும் திருந்தவில்லை என்ற புலம்பலுக்கு இதுவே அடிக்கடி காரணம்.

யூனிக்ஸ், லினக்ஸ் குடும்பத்தில் கணினியின் கடிகாரம் யுடிசியிலேயே ஓடுகிறது. இந்த ஒரு முடிவு எத்தனையோ பிழைகளைத் தடுத்திருக்கிறது. விதிகள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன; புதிய கோப்பை வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அஞ்சல் சேவை போல மாதக்கணக்கில் இடைவிடாமல் ஓடும் நிரல்கள், தொடங்கும்போது ஒருமுறை விதியைப் படித்துக்கொண்டு அதையே வைத்திருக்கும். கோப்பை மாற்றிய பிறகு அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும். பாதுகாப்புக்காகத் தனிக் கோப்புறைக்குள் அடைத்து ஓட்டப்படும் அஞ்சல் சேவைகளில் விதிக் கோப்பின் இன்னொரு நகல் அந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். சில பழைய யூனிக்ஸ் வகைகளில் விதிக் கோப்பு எதுவும் இல்லை. வலயத்தின் பெயரை மட்டும் சூழல் மாறியில் எழுதிவைத்தால், நிரலுக்குள் பொதிந்த அமெரிக்க விதி பின்னணியில் செயல்படும். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு என்று விதியை வெளிப்படையாக எழுதிவிடுவதே மருந்து.

இயங்குதளத்தைத் திருத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு மேலும் இரண்டு அதிர்ச்சிகள் காத்திருந்தன. ஜாவா மொழியில் எழுதிய நிரல்கள் இயங்குதளத்தின் விதியைக் கேட்பதில்லை. ஜாவா தன் அட்டவணையைத் தானே சுமந்து திரிகிறது. அதைப் புதுப்பிக்க, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் தனிக் கருவியே வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வரிலும் நாட்காட்டியைக் கையாளும் பகுதிக்குள் தனி வலய அட்டவணை இருந்தது. சர்வரின் விண்டோஸைத் திருத்தினாலும், உலாவி வழியாக அஞ்சலைப் பார்ப்பவருக்குக் கூட்ட நேரம் தவறாகவே தெரியும். அதற்கு வேறொரு திருத்தம் தேவைப்பட்டது. பிளாக்பெரி கைக்கருவிகளும் தங்களுக்கான திருத்தத்தைத் தனியே கேட்டன. ஒரே விதி ஐந்தாறு இடங்களில் நகலாகிக் கிடக்க, ஒன்றைத் திருத்தி மற்றவற்றை விட்டவர்கள் பிழையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கினார்கள்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. கோடை மாற்றத்தன்று இரு இயங்குதளங்களும் தம் பங்குக்கு ஒவ்வொரு முறை தள்ளினால், பிழை இரட்டிப்பாகும்.

ஆதரவு முடிந்த கணினிகள்

விண்டோஸ் எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றுக்குத் திருத்தம் இலவசமாக வந்தது. விண்டோஸ் 2000இன் முதன்மை ஆதரவோ 2005 ஜூன் 30உடன் முடிந்திருந்தது. புஷ் கையெழுத்திட்டதற்கு ஐந்தரை வாரங்களுக்கு முன். அதற்கும் அதே தலைமுறை எக்ஸ்சேஞ்சுக்கும் திருத்தம் வேண்டும் என்றவர்களிடம் மைக்ரோசாஃப்ட் 4,000 டாலர் கட்டணம் கேட்டது. பெரு நிறுவனத்துக்கு அது பொருட்டில்லை. ஒரு பள்ளிக்கோ சிறு மருத்துவமனைக்கோ அது பெரிய தொகை. சட்டம் போட்டது அரசு. நிரலை எழுதியது நிறுவனம். செலவு மட்டும் இரண்டிலும் பங்கில்லாதவர் தலையில் விழுந்தது. இது நியாயமான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஊர் நேரத்தைச் சரியாகச் சொல்வது கணினியின் அடிப்படைக் கடமை. சட்டம் மாறும்போது அதற்குரிய அட்டவணையைத் தருவது கூடுதல் சேவையாகாது.

கட்டணம் கட்டாதவர்களுக்கும் வழி இருந்தது. ரெஜிஸ்ட்ரியைக் கையால் திருத்தும் முறையை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருந்தது. வலயங்களைத் திருத்த ஒரு சிறு கருவியையும் தந்தது. விண்டோஸ் 98 போன்றவற்றுக்கும் அது பயன்பட்டது. ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் 10.4க்கும் 10.3.9க்கும் திருத்தம் கொடுத்தது. அதற்கு முந்தியவற்றை வைத்திருந்தவர்கள் விதிக் கோப்பைத் தாங்களே உருவாக்கிப் பொருத்த வேண்டியிருந்தது.

எதையும் திருத்தத் தெரியாதவருக்கும் கடிகாரத்தைத் தள்ளுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் வலயத்தை மாற்றிவைப்பது. நியூயார்க்கின் கோடை நேரம் யுடிசிக்கு நான்கு மணி நேரம் பின்னால். ஆண்டு முழுதும் அதே விலகலில் இருக்கும் பொலிவியாவின் வலயத்தைத் தேர்ந்தெடுத்தால், திரையில் சரியான மணி தெரியும், யுடிசியும் கெடாது, கடிதம் -0400 என்று சரியாகப் புறப்படும். ஆனால் இது கைத்தாங்கல் மட்டுமே. விண்டோஸ் பட்டியலில் அந்த வரி 'கராகஸ், லா பாஸ்' என்று இரு நகரங்களைச் சேர்த்துக் குறித்தது. 2007 டிசம்பர் 9 அன்று வெனிசுவேலா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் மாற்றிக்கொள்ள, கராகஸ் அந்த வரியோடு பொருந்தாமல் போனது. இரவல் வாங்கிய விதி உரியவரின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நாட்காட்டி: எதிர்காலத்தைச் சேமிப்பதன் சிக்கல்

கடிதம் நடந்து முடிந்ததைப் பதிகிறது. கூட்ட அழைப்பு நடக்கப்போவதைப் பதிகிறது. இரண்டையும் ஒரே முறையில் சேமித்ததுதான் 2007இன் மிகப் பெரிய குழப்பத்துக்குக் காரணம்.

2006 இறுதியில் ஒருவர், 2007 மார்ச் 20 காலை பத்து மணிக்கு ஒரு சந்திப்பை மைக்ரோசாஃப்டின் அஞ்சல், நாட்காட்டி நிரலான அவுட்லுக்கில் குறித்துவைக்கிறார். பழைய விதிப்படி அந்நாள் குளிர்கால நேரத்தில் வருகிறது. யுடிசி 15:00 என்று மாற்றிச் சேமிக்கிறது நிரல். பிறகு திருத்தம் நிறுவப்படுகிறது. புதிய விதிப்படி அதே 15:00, காலை பதினொரு மணி. விதி சரி, கடிகாரம் சரி, சந்திப்பு மட்டும் தவறு. தனிச் சந்திப்புகளோடு எந்த வலயத்தில் எழுதப்பட்டது என்ற குறிப்பை அக்கால அவுட்லுக் சேமிக்கவில்லை. ஆகவே திருத்தத்துக்கு முன் எழுதியது எது, பின் எழுதியது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியில்லை.

இதற்காக மைக்ரோசாஃப்ட் இரண்டு கருவிகளை வெளியிட்டது. ஒன்று தனியாள் அவுட்லுக்கில் ஓட்டுவது. மற்றொன்று நிர்வாகி சர்வரில் எல்லாருக்குமாக ஓட்டுவது. ஏற்கெனவே நகர்த்தியதை மறுபடி நகர்த்திவிடும் ஆபத்து இரண்டையும் கலந்து பயன்படுத்தியவர்களுக்கு இருந்தது. ஒழுங்கு முக்கியம்: முதலில் எல்லாக் கணினிகளின் இயங்குதளம், பிறகு அஞ்சல் சர்வர், கடைசியாக நாட்காட்டி. கூட்டத்தைக் கூட்டியவரே அதை நகர்த்த வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்நிறுவனமே தந்த மிகப் பயனுள்ள அறிவுரை கருவியைச் சார்ந்ததல்ல: அந்த வாரங்களின் கூட்ட அழைப்புகளில் பொருள் வரியிலேயே 'காலை 10 மணி' என்று எழுதிவிடுங்கள் என்பதே அது. மனிதர்கள் உடன்பட்டது எதற்கு என்பதைக் கணினி மறந்தாலும் எழுத்து நினைவில் வைத்திருக்கும்.

சென்னை, பெங்களூரு அலுவலகங்களும் இதில் சிக்கின. நியூயார்க்கின் காலை ஒன்பது மணிக் கூட்டம் இந்திய நேரப்படி குளிர்காலத்தில் மாலை 7:30, கோடையில் 6:30. ஏப்ரலில் வரவேண்டிய மாற்றம் மார்ச்சிலேயே வந்தது. ஐரோப்பா தன் வழக்கப்படி மார்ச் 25 வரை காத்திருந்ததால், இரண்டு வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்காக இருந்தது. மூன்று நகரங்களை இணைத்த கூட்டத்தில் எல்லாருக்கும் வசதியான நேரம் ஒருவருக்கேனும் தவறியது.

இதிலிருந்து தெளிவான ஒரு கொள்கை கிடைக்கிறது. நடந்ததை யுடிசியில் சேமிக்க வேண்டும். நடக்கப்போவதை ஊர் நேரத்திலும் ஊரின் பெயரிலும் சேமித்து, காட்டும் பொழுதெல்லாம் அன்றைய விதிப்படி கணக்கிட வேண்டும். நாட்காட்டிப் பரிமாற்றத்துக்காக 1998இல் வந்து 2009இல் புதுப்பிக்கப்பட்ட ஐகேலண்டர் நெறிமுறை, ஊர் நேரத்தோடு வலயப் பெயரையும் சேர்த்தனுப்ப இடமளிக்கிறது. ஆனால் அழைப்போடு விதியின் நகலையும் ஒட்டி அனுப்பச் சொல்வதால், அனுப்பியவரின் பழைய விதி பெறுபவரின் கணினிக்குள் நுழையும் வாய்ப்பும் இருக்கிறது. பெறும் நிரல், பெயரை நம்பி விதியைத் தன் அட்டவணையில் தேடுவதே பாதுகாப்பு.

கடந்த காலத்தை மாற்றிவிடும் திருத்தம்

2007இன் விண்டோஸ் திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு குறை இருந்தது. பழைய விண்டோஸ் ஒரு வலயத்துக்கு ஒரே ஒரு விதியைத்தான் வைத்திருக்கும். எந்த ஆண்டுக்கு எது என்ற வரலாறு அதற்கு இல்லை. புதிய விதியை எழுதியதும் அது எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்திவிட்டது. 2006 மார்ச் 20 காலை பத்து மணிக்கு வந்த கடிதம், திருத்தத்துக்குப் பின் பதினொரு மணி என்று காட்டப்பட்டது. உள்ளே சேமிக்கப்பட்ட யுடிசி மாறவில்லை. ஆனால் அச்செடுத்துக் கோப்பில் வைப்பவர் கையில் கிடைப்பது மாறிய நேரம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஆண்டுவாரியாக விதிகளை வைக்கும் வசதி வந்தது. அதற்கு முந்திய கணினியில் பழைய கடிதங்களை ஆவணமாகப் பயன்படுத்துவோர், திரையில் தெரியும் நேரத்தை நம்பாமல் தலைப்பகுதியின் மூல வரியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணையைக் காப்பவர்கள்

இந்த வகையில் யூனிக்ஸ் உலகம் வெகுமுன்னரே சரியான பாதையில் நடந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களின் நடுவில் தொடங்கி ஒருங்கிணைத்த நேர வலயத் தரவுத்தளம், ஒவ்வொரு ஊருக்கும் எந்த ஆண்டில் என்ன விதி என்ற வரலாற்றையே தொகுத்தது. வலயங்களை அரசியல் பெயர்களால் குறிக்காமல் கண்டம், நகரம் என்று குறித்தது. பின்னர் பால் எக்கர்ட் அதன் பொறுப்பை ஏற்றார். உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் நாட்டு அரசாணைகளை அனுப்பி அதைப் புதுப்பித்துவருகிறார்கள். லினக்ஸும் மேக்கும் ஆண்ட்ராய்டும் இன்று அதையே நம்பியிருக்கின்றன.

2011 செப்டம்பர் 30 அன்று ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம், தன் வரலாற்று நேர அட்டவணையை எடுத்தாண்டதாகக் கூறி ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. அக்டோபரில் தரவுத்தளத்தின் சேமிப்பிடம் மூடப்பட்டது. சில நாட்களில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு அதன் பராமரிப்பை ஏற்றது. 2012இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. உலகின் எண்ணற்ற கணினிகளுக்கு நேரம் சொல்லும் அட்டவணை, இருவரின் உழைப்பை நம்பி ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்ததை அந்த வழக்கு வெளிச்சமிட்டது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

அரசுகளின் அவசரம்

அமெரிக்கா தன் மாற்றத்துக்கு ஏறத்தாழ பத்தொன்பது மாத அவகாசம் கொடுத்தது. அப்படியும் இத்தனை குழப்பம். மற்ற அரசுகள் அந்த அவகாசத்தையும் தருவதில்லை. 2015இல் துருக்கி, நவம்பர் 1 தேர்தலுக்காகக் கோடை நேர முடிவை இரண்டு வாரம் தள்ளிப்போட்டது. பல கைபேசிகள் பழைய விதிப்படி தாமாகவே திரும்பிவிட, மணி என்ன என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டியதாயிற்று. 2018இல் மொரோக்கோ, கடிகாரத்தைத் திருப்பவேண்டிய நாளுக்கு இரண்டே நாள் முன்பு அதைக் கைவிட்டது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தை ரமலான் முடியும்வரை ஒத்திவைப்பதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. இடைப்பட்ட நாட்களில் ஒரே நகரத்தில் இரண்டு நேரங்கள் ஓடின.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதில்லை. மின்பற்றாக்குறையைக் காரணம் காட்டி 1996 மே 25 அன்று இலங்கை தன் நேரத்தை ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணிக்குத் தள்ளியது; அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி விலகலுக்கு வந்தது; 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரு தீவுக்குள் இரண்டு நேரங்கள். விண்டோஸ் பட்டியலிலோ இலங்கைக்கு 'ஸ்ரீ ஜெயவர்த்தனபுர' என்ற ஒரே வரி, ஆறு மணி விலகலோடு. 2006இல் அரசு திரும்பியபோதும் அந்த வரி உடனே மாறவில்லை. திருத்தம் வரும்வரை சரியான வழி, அதே ஐந்தரை விலகலுள்ள இந்திய வலயத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று ரஷ்யா தன் வலயங்களை மாற்றியமைத்தது. 2022 அக்டோபரில் மெக்சிகோ பெரும்பகுதியில் கோடை நேரத்தையே ஒழித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் பருவ மாற்றத்தை ஒழிக்க வாக்களித்தது. அமெரிக்க மேலவை 2022 மார்ச்சில் கோடை நேரத்தை நிரந்தரமாக்க ஒப்புதல் தந்தது. இரண்டும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால், 2007இல் நடந்தது இன்னும் பெரிய அளவில் நடக்கும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளிலும் மருத்துவக் கருவிகளிலும் இன்றும் ஓடும் பழைய இயங்குதளங்கள் எச்சரிக்கை அஞ்சல்களைத் தவறான நேரத்தோடு அனுப்பும்.

செய்யவேண்டியவை

பழைய கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் முதலில் செய்யவேண்டியது கணக்கெடுப்பு: இயங்குதளம், அஞ்சல் சர்வர், ஜாவா, நாட்காட்டி, கைக்கருவி என்று விதியின் நகல் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல். அடுத்தது யுடிசியைக் காப்பது, கடிகாரத்தை என்.டி.பி. சேவையிடம் ஒப்படைத்துவிட்டு, கையால் தொடாதிருப்பது. மூன்றாவது, விதியை எல்லா இடத்திலும் திருத்தி, ஓடும் நிரல்களை நிறுத்தித் தொடக்கிவிட்டு, ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் தேதி வரியையும் பெறப்பட்ட வரிகளையும் யுடிசிக்கு மாற்றிப் பார்ப்பது. நான்காவது, மாறும் வாரங்களின் சந்திப்புகளை மட்டும் தனியே எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. திருத்தவே முடியாத கணினி என்றால், அதைக் கோடை மாற்றம் இல்லாமல் யுடிசியிலேயே ஓடவிடுவது நல்லது. ஊர் நேரத்துக்கு மாற்றும் வேலையைப் படிப்பவரின் புதிய கணினி பார்த்துக்கொள்ளும்.

இவை எல்லாம் பராமரிப்பவரின் பொறுப்பு. மற்ற இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு. நிரல் எழுதுவோர், சட்டமன்றம் மாற்றக்கூடிய எதையும் நிரலுக்குள் பொதிக்காமல், யாரும் எளிதில் மாற்றக்கூடிய தரவாக வெளியே வைக்க வேண்டும். ஆதரவு முடிந்த பிறகும் அந்தத் தரவை மட்டுமாவது புதுப்பிக்க வழி திறந்திருக்க வேண்டும். அரசுகள், ஓராண்டு அவகாசம் இல்லாமல் கடிகாரத்தைத் தொடக் கூடாது. ஒரு நாட்டின் நேரத்தை ஓர் அறிக்கையில் மாற்றிவிடலாம். அந்த நேரத்தை நம்பி எழுதப்பட்ட கோடிக்கணக்கான கடிதங்களையும் உடன்பாடுகளையும் அப்படி மாற்ற முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை கொடுப்பது சட்டம் இயற்றியவர்களோ நிரல் எழுதியவர்களோ அல்லர், பழைய கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் எளிய அலுவலகங்கள் என்பதை இரு தரப்பும் முடிவெடுக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.